கீழ்த்தட்டு டின்னா, கண்மட்ட டின்னா? பேரங்காடிப் பழ டின்களை எடைபோட்டு வாங்குவது

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் கோலாலம்பூர், பினாங்குப் பேரங்காடிகளில் பழ டின்கள் அலமாரியைவிட்டு இறங்கி, நடைவழியில் கோபுரமாக நிற்கும். திறந்த இல்ல உபசரிப்புக்கு லைச்சி போன்ற லோங்கான் பழத்தின் தண்ணீர், குழந்தைகளுக்கு அகார் அகார், கேக்கின் மேல் வைக்க பீச், கிண்ணத்தில் ஊற்றித் தரப் பழக் கலவை என்று ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு டின் ஆகிவிடும். ஒரே அளவு டின், ஒரே மாதிரிப் படம், இடையே ஒன்றரை ரிங்கிட்டோ நான்கு ரிங்கிட்டோ வித்தியாசம். பன்னிரண்டு டின்னில் அது சின்னத் தொகை இல்லை.

இந்தக் கட்டுரையில் மலிவு டின் என்று சொல்வது, பேரங்காடியின் சொந்தப் பெயரில் வருவதையும், அதிகம் கேள்விப்படாத இறக்குமதியாளரின் பெயரில் கீழ்த்தட்டில் இருப்பதையும். வழக்கமான டின் என்பது டெல் மோன்டே, டோல், ஹோசென் போல எல்லாரும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது; அது பெரும்பாலும் கண்ணுக்கு நேரான தட்டில் இருக்கும். இரண்டில் எது நல்லது என்று மொத்தமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அன்னாசியில் மலிவு டின் பெரும்பாலும் போதும். பழக் கலவையில் பெரும்பாலும் போதாது. லோங்கானில் பாகைக் குடிக்கப் போகிறோமா, கொட்டப் போகிறோமா என்பதைப் பொறுத்தது. ஆனால் எந்தப் பழமாக இருந்தாலும் விலைச்சீட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஓர் எண் டின்னிலேயே அச்சாகியிருக்கிறது.

வடித்த எடை

டின்னில் இரண்டு எடை இருக்கும். ‘பெராட் பெர்சே’ என்பது பழமும் பாகும் சேர்ந்த நிகர எடை. ‘பெராட் தோஸ்கான்’ என்பது பாகை வடித்தபின் மிஞ்சும் பழத்தின் எடை. திரவத்தில் ஊறிய உணவுக்குக் குறைந்தபட்ச வடித்த எடையைக் குறிப்பிட வேண்டும் என்பது மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகளிலேயே உள்ளது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது நிகர எடையாகத்தான் இருக்கும். மற்றதைத் தேட டின்னைத் திருப்ப வேண்டும்.

கணக்குக்காக இரண்டு லோங்கான் டின்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 565 கிராம். மலிவு டின் 5 ரிங்கிட் 60 காசு, வடித்த எடை 200 கிராம். வழக்கமான டின் 6 ரிங்கிட் 90 காசு, வடித்த எடை 255 கிராம். விலையை வடித்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால், 100 கிராம் பழத்துக்கு மலிவு டின்னில் 2 ரிங்கிட் 80 காசு, வழக்கமான டின்னில் 2 ரிங்கிட் 71 காசு. விலைச்சீட்டில் 1 ரிங்கிட் 30 காசு மலிவாகத் தெரிந்தது, பழக் கணக்கில் 9 காசு கூடுதல். கைப்பேசியில் பத்து விநாடி வேலை இது. கடையில் நின்று இதை மட்டும் செய்தாலே பாதித் தவறு குறையும்.

அச்சிட்ட எண்ணை நம்பலாமா என்ற சந்தேகம் நியாயமானது. வீட்டிலேயே சோதிக்கலாம். அகலமான கண்ணிச் சல்லடையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, டின்னை ஒரே வீச்சில் கவிழ்க்காமல் பழத்தைப் பரவலாகக் கொட்டி, சரியாக 2 நிமிடம் வடியவிட்டு, சல்லடையின் எடையைக் கழித்து நிறுக்க வேண்டும். பரிசோதனைக் கூடங்களிலும் இதே 2 நிமிடம்தான். அழுத்தவோ குலுக்கவோ கூடாது. பிழிந்தால் பழத்துக்குள் இருக்கும் பாகும் வந்துவிடும், எடை பொய்யாகும். லோங்கான், லைச்சி போன்ற குழிவான பழங்களைச் சல்லடையில் வாய்ப்பக்கம் கீழாகத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியும் ஒரு சிறு கிண்ணமாகப் பாகைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

உள்ளடக்கப் பட்டியலும் எடையின் கதையைச் சொல்லும். ‘ராமுவான்’ அல்லது ‘பஹான்’ என்ற தலைப்பின்கீழ் வரும் பொருள்கள் எடையில் அதிகமானதிலிருந்து குறைந்தது வரையான வரிசையில் இருக்கும். பழத்தின் பெயர் முதலில் வந்தால், தனிப் பொருளாக அதுவே அதிகம். ‘ஆயெர்’ முதலில், பழம் அடுத்து என்றால் நீங்கள் வாங்குவது கொஞ்சம் பழம் மிதக்கும் தண்ணீர். இரண்டு டின்களின் வடித்த எடை அருகருகே இருந்து, மனம் முடிவெடுக்க முடியாமல் தடுமாறும்போது இந்த வரிசை உதவும்.

பாகு: சீனியா, தண்ணீரா

பாகின் இனிப்பை பிரிக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 100 கிராம் பாகில் கரைந்திருக்கும் சீனி ஏறக்குறைய எத்தனை கிராம் என்பதுதான் அது. உலக உணவுத் தரநிலையான கோடெக்ஸ் வகுத்த படிநிலைகள் இவை: மிக இலேசான பாகு 10 பிரிக்ஸிலிருந்து, இலேசானது 14இலிருந்து, கெட்டியானது 18இலிருந்து, மிகக் கெட்டியானது 22க்கு மேல். கெட்டிப் பாகு 100 கிராமில் சுமார் நான்கு தேக்கரண்டிச் சீனி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மலிவு டின் என்றாலே சீனி அதிகம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அப்படி ஒரு விதி இல்லை. சில மலிவு டின்களில் பாகு தண்ணீராக இருக்கும். அதை ஈடுகட்ட சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டி சேர்க்கப்பட்டிருக்கும். வழக்கமான டின்களில் கெட்டிப் பாகும் உண்டு, பழச்சாற்றில் ஊறியவையும் உண்டு. லேபிளில் ‘டாலாம் சிரப்’ (பாகில் ஊறியது) என்று மட்டும் இருந்தால் எந்தப் படி என்று தெரியாது. ஊட்டச்சத்து அட்டவணை இருந்தால் 100 கிராமுக்கு எத்தனை கிராம் சீனி என்று அங்கே பாருங்கள். ஒரே சமயத்தில் பல பெட்டிகள் வாங்கும் சமையல்காரர்களுக்கு 0 முதல் 32 வரை காட்டும் கையடக்க பிரிக்ஸ்மானி நல்ல முதலீடு. இரண்டு சொட்டுப் பாகு போதும்.

நீரிழிவு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது; எந்தத் திறந்த இல்ல உபசரிப்பிலும் சிலராவது இருப்பார்கள். “பாகைக் கொட்டிவிட்டு அலசிவிட்டால் சரி” என்று அவர்களுக்குப் பழக் கிண்ணத்தை நீட்டுவது வழக்கம். டின் அடைத்தபின் சில வாரங்களில் பாகின் சீனி பழத்துக்குள்ளும், பழத்தின் நீர் பாகுக்குள்ளும் போய், உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே இனிப்பாகிவிடும். கடைத்தட்டுக்கு வரும் டின்னில் இது எப்போதோ முடிந்திருக்கும். அலசினால் மேலே ஒட்டியிருக்கும் பாகு மட்டும்தான் போகும். அவர்களுக்கென்று தனியாகப் பழச்சாற்றில் ஊறிய அன்னாசி டின் ஒன்று வாங்குவது சரியான வழி. அதற்கும் அளவு வேண்டும். இந்த ஓர் இடத்தில் விலையைப் பார்க்காதீர்கள்.

பழக் கலவை: வித்தியாசம் அதிகமாகத் தெரியும் இடம்

ஃபுருட் கொக்டெய்ல் என்ற பெயருக்கு அமெரிக்க உணவு விதிகளில் திட்டமான வரையறை இருக்கிறது. ஐந்து பழங்கள்: பீச் 30 முதல் 50 விழுக்காடு, பேரி 25 முதல் 45, அன்னாசி 6 முதல் 16, திராட்சை 6 முதல் 20, செர்ரி 2 முதல் 6. பெயர்பெற்ற நிறுவனங்களின் பழைய பாணிக் கலவை இதை ஒட்டியே இருக்கும். நம் கடைகளில் கீழ்த்தட்டில் இருக்கும் கலவை பெரும்பாலும் வேறு பொருள். பப்பாளியும் அன்னாசியும் அடித்தளம், நடுவே நாத்தா டி கோக்கோ என்ற கூழ்க்கட்டி, மேலே ஓரிரு செர்ரி. ‘டிரோப்பிக்கல்’ என்ற சொல் பெயரில் எங்காவது இருக்கும்.

பப்பாளி கெட்ட பழமில்லை. ஆனால் டின்னில் அது நடந்துகொள்ளும் விதம் வேறு. சூட்டில் பப்பாளி சீக்கிரம் குழையும், அதனால் செங்காயாக வெட்டி, கால்சியம் குளோரைடு அல்லது கால்சியம் லெக்டேட் சேர்த்துக் கெட்டியாக்குவார்கள். லேபிளில் 509, 327 என்ற எண்கள் இவற்றைக் குறிக்கும். அளவு சரியாக இருந்தால் துண்டு கடிக்க நன்றாக இருக்கும். கூடினால் பூசணிக்காய் மாதிரி நறநறக்கும், மணமே இருக்காது. குறைந்தால் டின்னைத் திறக்கும்போதே பாகு கலங்கி, துண்டின் ஓரங்கள் நார்நாராகப் பிரிந்திருக்கும்.

நாத்தா டி கோக்கோ தேங்காய்த் தண்ணீரைப் புளிக்க வைத்து எடுக்கும் கூழ்க்கட்டி. குழந்தைகளுக்குப் பிடிக்கும், கடிக்கவும் நன்றாக இருக்கும். அதைப் பழ விலைக்கு வாங்குவதுதான் பிரச்சினை. வடித்த எடையில் நாத்தாவும் சேர்ந்துவிடும். கணக்கைப் பாருங்கள்: 825 கிராம் மலிவுக் கலவை 8 ரிங்கிட் 50 காசு, வடித்த எடை 400 கிராம் என்றால் 100 கிராமுக்கு 2 ரிங்கிட் 13 காசு. வழக்கமான கலவை 12 ரிங்கிட் 50 காசு, வடித்த எடை 480 கிராம் என்றால் 2 ரிங்கிட் 60 காசு. மலிவு டின் வென்றது போல் தெரிகிறது. அந்த 400 கிராமில் கால்பங்கு நாத்தா என்று வைத்தால் பழம் 300 கிராம்தான். 100 கிராம் பழத்துக்கு 2 ரிங்கிட் 83 காசு ஆகிவிடுகிறது. நாத்தா வேண்டுமென்றால் அதைத் தனிப் பொட்டலமாக வாங்கி, விரும்பிய அளவு கலந்துகொள்வது மலிவு.

செர்ரியின் நிறம் தனி விஷயம். நிறமூட்டி 127, எரித்ரோசின், புளிப்பில் கரையாமல் பழத்திலேயே தங்கும். அதனால் பக்கத்துத் துண்டுகள் வெளுப்பாகவே இருக்கும். 122, கார்மோய்சின், பாகில் கரைந்து ஓடும். டின்னைத் திறந்ததும் பேரித் துண்டுகள் இளஞ்சிவப்பாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். 120 என்ற எண் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் நிறம். சைவ உணவுக்காரர் வீட்டிலும், கோயில் விருந்துக்கும் வாங்கும்போது இந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது அவசியம். எண் இல்லாமல் அனுமதிக்கப்பட்ட நிறமூட்டி உள்ளது என்று மட்டும் அச்சிட்டிருந்தால், சைவத்துக்கு அந்த டின்னைத் தவிர்ப்பதே நல்லது. முஸ்லிம் விருந்தினர் வருவார்கள் என்றால் ஹலால் முத்திரையையும் அதே பார்வையில் பார்த்துவிடலாம்.

பழக் கலவையைப் பாலில் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டின் பாகு புளிப்பானது. பழ டின்கள் பெரும்பாலும் 4.6க்குக் கீழான பிஎச் அளவில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) அடைக்கப்படுபவை. பாலின் புரதம் திரிவதும் அந்த 4.6ஐ ஒட்டித்தான். ஐடியல் பால் (வற்றவைத்த டின் பால்) ஊற்றுவதற்கு முன் பழத்தை நன்றாக வடித்து, பழமும் பாலும் இரண்டும் ஐஸ்பெட்டியில் குளிர்ந்தபின், பரிமாறும் நேரத்தில் மட்டும் சேருங்கள். பாகோடு ஊற்றினாலோ, வெளியில் ஒரு மணி நேரம் வைத்தாலோ சின்னச் சின்னத் தயிர்க்கட்டிகள் மிதக்கும். மலிவு டின்னில் மட்டும் வரும் கோளாறு இல்லை இது. ஆனால் பாகு அதிகமாக இருப்பதால் அதில் சீக்கிரம் வரும்.

லோங்கான்: பாகைக் குடிப்பவர்களுக்கு மலிவே போதும்

லோங்கானில் பாகு வீணாவதில்லை. அதனால் வடித்த எடைக் கணக்கு இங்கே கொஞ்சம் தளர்கிறது. தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலைப் பாதையிலோ பத்துமலையிலோ தண்ணீர்ப் பந்தல் போடுபவர்களும், வீட்டில் முப்பது பேருக்குக் குவளையில் ஊற்றித் தருபவர்களும் மலிவு டின்னையே எடுக்கலாம். உடைந்த லோங்கான், சிறிய லோங்கான் இரண்டும் குவளையில் ஒரு குறையாகத் தெரியாது. சொல்லப்போனால் எல்லாக் குவளைக்கும் பழம் சமமாகப் பிரிய அது வசதி.

30 குவளைக்கு, குவளை 200 மில்லிலீட்டர் என்று வைத்தால், ஐஸ் கரைந்தபின் மொத்தம் 6 லீட்டர் வேண்டும். ஐந்து டின் போதும். ஒவ்வொன்றிலும் வடித்த எடை 230 கிராம் என்றால் பாகு 335 கிராம், ஐந்து டின்னுக்கு 1,675 கிராம். 18 பிரிக்ஸ் பாகில் சுமார் 300 கிராம் சீனி இருக்கும். 6 லீட்டர் தண்ணீர் மிதமாக இனிக்க 480 கிராம் வேண்டும். ஆக 180 கிராம் சீனி சேர்க்க வேண்டும். பாகு 10 பிரிக்ஸ்தான் என்றால் 310 கிராம் சேர்க்க வேண்டும். இடைவெளி 130 கிராம் சீனி, சில்லறைக் காசுதான். டின்னுக்கு ஒரு ரிங்கிட் மிச்சப்படுத்தி அந்தச் சீனியை வாங்கிக்கொள்ளலாம். சீனியை அரை லீட்டர் வெந்நீரில் பண்டான் இலை இரண்டோடு கரைத்து ஆறவிட்டு, பிறகு பாகையும் மூன்று லீட்டர் தண்ணீரையும் சேர்த்து, ஐஸைக் கடைசியில் போடுங்கள். முதலில் ஐஸ் போட்டால் இனிப்பு எவ்வளவு என்று பிடிபடாது, கூடப் போட்டுவிடுவீர்கள்.

லோங்கானைப் பழமாகவே கிண்ணத்தில் வைப்பதென்றால் நிலைமை மாறும். மலிவு டின்னில் சதை மெலிந்து, கொட்டை எடுத்த இடத்தில் கிழிந்து, சில சமயம் கொட்டையின் கறுப்புத் தோல் துணுக்குகள் ஒட்டியிருக்கும். அவை கசக்காது, ஆனால் பல்லில் உறுத்தும். கிண்ணத்துக்கு வழக்கமான டின்.

லைச்சி

லைச்சிக்கு வழக்கமான டின்னையே பரிந்துரைக்கிறோம். சதைக்கும் கொட்டைக்கும் இடையில் பழுப்பு நிறத்தில் மெல்லிய சவ்வு உண்டு. துவர்ப்பு அதில்தான் இருக்கிறது. கொட்டையைக் கவனமாக எடுத்தால் சவ்வும் வரும். அவசரமாக எடுத்தால் சதையில் தங்கி, பாகு முழுவதையும் துவர்க்க வைக்கும். இன்னொன்று, லைச்சி இளஞ்சிவப்பாக மாறுவது. இது சாயமில்லை. பழத்திலேயே இருக்கும் நிறமற்ற பொருள் ஒன்று அதிகச் சூட்டில் சிவப்பு நிறமியாக மாறுகிறது. டின்னைக் கொதிநீரிலிருந்து எடுத்தவுடன் விரைவாகக் குளிர்விக்காத தொழிற்சாலையில் இது அதிகம். உடம்புக்குக் கெடுதலில்லை, ஆனால் அதிகம் வெந்ததற்கு அது அடையாளம், மணமும் போயிருக்கும். லைச்சியை மணத்துக்காகத்தான் வாங்குகிறோம். அது போனபின் மிஞ்சுவது இனிப்புச் சதை மட்டுமே.

அன்னாசி: மலிவு டின் பெரும்பாலும் ஜெயிக்கும்

அன்னாசி தானே புளிப்பான, நார் உள்ள, சூட்டைத் தாங்கும் பழம். டின்னில் கெடுக்க வாய்ப்பு குறைவு. 565 கிராம் அன்னாசி டின்னில் வடித்த எடை பெரும்பாலும் 340 கிராமை ஒட்டி இருக்கும், லோங்கானைவிட மிக அதிகம். மலிவுக்கும் வழக்கத்துக்கும் இடையே இந்த எண்ணில் பெரிய வேறுபாடும் தெரியாது. ஜொகூரில் டின்னுக்கென்றே பயிரான காண்டூல் வகை கெட்டியானது, நல்ல பொன்மஞ்சள். உள்ளூர் மலிவு டின்னில் அது கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

மலிவு டின்னில் எதிர்பார்க்க வேண்டியது: துண்டுகள் ஒரே அளவில் இருக்காது, நடுத்தண்டு கொஞ்சம் சேர்ந்திருக்கும், கண் எடுத்த இடத்தில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். கேசரிக்கும் பச்சடிக்கும் இதனால் எதுவும் கெடாது. டார்ட்டுக்கு ஜாம் கிளறுவதற்கு மலிவு டின்னே சரி. இரண்டு டின்னை வடித்தால் 680 கிராம் பழம். மிக்சியில் இரண்டு சுற்று மட்டும் அரைத்து, மீண்டும் பிழிந்து வடித்து, அகலமான சட்டியில் பட்டை ஒன்று, கிராம்பு நான்கு போட்டு மிதமான தீயில் ஈரம் வற்றும்வரை கிளறி, பிறகு சீனி சேருங்கள். பாகில் ஊறிய பழம் என்பதால் புதுப்பழத்துக்குப் போடும் சீனியில் பாதி போட்டுச் சுவைத்துப் பாருங்கள். சீனியை முதலிலேயே போட்டால் நீர் விட்டுக்கொண்டு நேரமும் கூடும், நிறமும் கறுக்கும். உருட்டினால் கையில் ஒட்டாத பதம் வரும்போது இறக்கலாம். கடைசியில் அரை எலுமிச்சம்பழச் சாறு விடுங்கள். டின் அன்னாசிக்கு இல்லாத கூர்மையை அது கொடுக்கும்.

பஜ்ரி நெனாஸுக்கு மட்டும் டின்னே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்தக் குழம்பின் உயிர் புதுப்பழத்தின் புளிப்பு. பாசாரில் அன்னாசி கிடைக்கும் ஊரில் டின் தேவையே இல்லை.

டின் அன்னாசி புதுப்பழத்தை வெல்லும் இடமும் ஒன்று உண்டு. புது அன்னாசியில் புரதத்தை உடைக்கும் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. ஜெலட்டின் ஜெல்லி அதனால் உறையாது, பாலோ கஸ்டர்டோ சேர்த்தால் சற்று நேரத்தில் கசக்கும். டின் அன்னாசியில் சூடு அந்த நொதியை அழித்துவிட்டது. மலிவு டின்னிலும் அப்படியே. வட்டமாக வெட்டிய துண்டுகளைக் கேக்கின் மேல் அடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் வழக்கமான டின் வாங்குங்கள். மலிவில் மேலே இரண்டு முழு வட்டமும் அடியில் உடைந்ததும் இருப்பது உண்டு.

பீச்சும் மற்றவையும்

பீச் அரைப்பழங்கள் அழகுக்காக வாங்கப்படுபவை, ஆகவே வழக்கமான டின். கொட்டையை விடாமல் பற்றியிருக்கும் கெட்டிச் சதை வகைதான் டின்னுக்கு ஏற்றது. தென்னாப்பிரிக்கா, கிரீஸ் இரண்டும் இதில் பேர்போனவை. பிறந்த நாட்டை லேபிளில் பாருங்கள். மலிவு டின்னில் தோல் முழுதும் போகாமல், கொட்டைக் குழியில் சிவந்த நார் தங்கி, ஓரம் பிய்ந்திருக்கும். கேக்கில் ஒரு பீச் பிய்ந்திருந்தாலும் கண் அங்கேதான் போகும். பீச்சை அரைத்துப் பானமாக்கவோ ஐஸ்கிரீமில் சேர்க்கவோ என்றால் மலிவுத் துண்டுகள் போதும்.

மண்டரின் ஆரஞ்சுச் சுளைகளில் உடைந்தவற்றைத் தனியாக மலிவாக விற்பார்கள். அதே பழம், அதே தோல் நீக்கம். சாலட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். பலா, ரம்புத்தான் டின்களைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. பருவத்தில் பழமே கிடைக்கும்.

அகார் அகாரில் எந்த டின் என்று கேட்பவர்களுக்கு: கெட்டியான துண்டு உள்ளது எதுவோ அது. 1 லீட்டர் தண்ணீருக்கு 10 கிராம் தூள் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, ஆவி அடங்கியபின் பழம் சேருங்கள். புளிப்புப் பழத்தைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் அகார் வலுவிழக்கும். பழத்தை வடித்தபின் துணியில் ஒற்றியெடுங்கள். ஈரப் பழத்தின் அடியில் பாகுப்படலம் தங்கி, வெட்டும்போது துண்டு தனியாக வழுக்கி வந்துவிடும். குழைந்த பப்பாளித் துண்டு இரவெல்லாம் நீர்விட்டு, காலையில் தட்டில் குட்டை கட்டியிருக்கும்.

டின்னையும் பாருங்கள்

ஓரமும் மேல்கீழ் மடிப்பும் நசுங்கிய டின்னைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். மடிப்பு விலகினால் காற்றும் கிருமியும் நுழையும். நடுவயிற்றில் மழுங்கலாக உள்ள சிறு பள்ளம் பரவாயில்லை. உப்பிய டின் என்றால் கேள்வியே இல்லை, குப்பைக்கு. பழத்தின் புளிப்பு உலோகத்தை அரித்து ஹைட்ரஜன் வாயு சேர்ந்தாலும் உப்பும், கிருமி வளர்ந்தாலும் உப்பும். வெளியிலிருந்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. நம் ஊர் வெப்பத்தில் அந்த அரிப்பு வேகமாக நடக்கும். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியிலும் கார் பின்பெட்டியிலும் டின்களை வைத்திருப்பவர்கள் ‘பாயிக் செபெலும்’ (இதற்குமுன் பயன்படுத்துவது நல்லது) தேதியை அப்படியே நம்பக் கூடாது.

அன்னாசி, பீச், பேரி டின்களின் உள்சுவரில் பெரும்பாலும் பூச்சு இருக்காது. வெறும் வெள்ளீயம்தான், அதுவே பழத்தின் வெளிர்நிறத்தைக் காக்கிறது. திறந்ததும் உள்ளே சாம்பல்நிறக் கோலம் போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் திறந்தபின் காற்று பட்டால் வெள்ளீயம் பழத்தில் கரைவது பலமடங்கு கூடும். கோடெக்ஸ் அனுமதிப்பது கிலோவுக்கு 250 மில்லிகிராம் வெள்ளீயம். திறந்த டின்னோடு ஐஸ்பெட்டியில் வைத்தால் அந்த அளவை நோக்கிப் போகும். மிஞ்சியதைக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். 3 கிலோ அளவுள்ள பெரிய டின்களை விலைக்காக வாங்கும் சிறு குடும்பங்கள் இதில்தான் நட்டப்படுகிறார்கள்.

பெட்டியாக வாங்கும்முன்

ஒரே டின் வாங்கி, திறந்து, வடித்து, நிறுத்துப் பாருங்கள். பாகு தெளிவாக இருக்கிறதா, துண்டின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, பழத்துக்குப் பழத்தின் மணம் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவுப் பெயர்களில் தரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதற்குக் காரணம் உண்டு: பேரங்காடி தன் பெயரில் விற்கும் டின்னை இந்த ஆண்டு ஒரு தொழிற்சாலையிலும் அடுத்த ஆண்டு வேறு நாட்டிலும் வாங்கலாம், லேபிள் மட்டும் அப்படியே இருக்கும். போன தீபாவளிக்கு நன்றாக இருந்தது என்பது இந்தத் தீபாவளிக்கு உத்தரவாதம் ஆகாது. சோதித்த டின்னின் அடியில் உள்ள குறியீட்டையும், லேபிளில் உள்ள தயாரிப்பாளர், இறக்குமதியாளர், நாடு ஆகியவற்றையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போய், அதே குறியீடு உள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.